மணல் மிக்சருக்குள் நாலாவது ஆள்

"...மூணு போனு திருப்பிக் குட்த்துட்டேன் நைனா, ஒண்ணு இன்னும் என் மடியில கீது. நாலு பேரு உள்ள போனாங்கோ, மூணு பேருதான் வெளிய வந்தாங்கோ. உன் பொட்டி இன்னாத்துக்கு சைபர்ன்னுது?"

தெரசா அக்கா இதைக் கேட்டது ஒரு மதியம், இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும் நேரத்தில். அவர் கேட்டு முடிக்கவும் சங்கு ஊத ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

அது அரை நிமிடச் சங்கு. ஊதி ஓய்ந்ததும் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால், எங்கள் காலடியில் இருந்த இரும்புத் தொட்டிக்குள் ஆள் உயரத் துடுப்புகள் சுற்றும். தொட்டிக்குள் யாரும் இல்லை என்று சொன்னது நான் எழுதிய புரோகிராம். ஒரு ஆள் இருக்கிறான் என்று சொன்னது தெரசா அக்கா.

நான் கையிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தேன். மிக்சர், உள்ளே: 0.

அந்த அரை நிமிடத்தைச் சொல்ல எனக்கு இந்த வாரப் பக்கம் முழுக்கத் தேவைப்படும். பொறுத்துக்கொள்ளுங்கள். "நீ பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னா ஆளு ஆந்திராவுல போய் எறங்குவான்" என்பாள் என் மனைவி. கும்மிடிப்பூண்டியில் இருந்து அது ஒன்றும் பெரிய தூரமில்லை என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

திங்கிற மிக்சர் இல்லை

தொழிற்பேட்டையில் அது ஒரு வார்ப்பு ஆலை. பெயர் வேண்டாம். இரும்பைக் காய்ச்சி மணல் அச்சில் ஊற்றிப் பம்பு பாகங்கள் வார்ப்பார்கள். அந்த மணலைக் களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து கொடுக்கிற பெரிய தொட்டிக்குத்தான் மிக்சர் என்று பெயர்.

வாரத்துக்கு ஒரு நாள் அதை நிறுத்துவார்கள். மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வாய். அதன் வழியாக ஏணியில் நான்கு பேர் இறங்கி, சுவரில் ஒட்டிக் காய்ந்த மணலை உளியால் கொத்தி எடுப்பார்கள். இரும்புக்குள் இரும்பு அடிக்கும் சத்தம். அதனால் உள்ளே போகிறவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்வார்கள். வைத்த பிறகு மேலேயிருந்து சாமியே கூப்பிட்டாலும் கேட்காது.

அந்த வாய்க்குப் பக்கத்தில் நின்று, யார் உள்ளே போகிறார், யார் வெளியே வருகிறார் என்று பார்ப்பதுதான் தெரசா அக்காவின் வேலை. ஐம்பதை ஒட்டிய வயது. புடவைக்கு மேல் ஆலையின் நீலச் சட்டை. அவருடைய அம்மா மற்றவர்களின் வயலில் நாற்று நட்டவர். அக்கா கல்யாணமான வருஷமே தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டார்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. உள்ளே இறங்குகிறவர் தன் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே வந்தால்தான் திரும்பக் கிடைக்கும். இந்தக் காலத்தில் போனை விட்டுவிட்டு எவனும் வீட்டுக்குப் போக மாட்டான் என்பது அவருடைய கணக்கு.

"அக்கா, என் போனு அடிச்சா எடுக்காத" என்பான் தேவா. நால்வரில் எப்போதும் கடைசியாக வெளியே வருகிறவன் அவன்தான்.

"எடுத்து உன் வண்டவாளத்த எல்லாம் சொல்றேன் பாரு."

"சொல்லிக்கோ. இந்த மணலுதான் எனக்கு ரெண்டாவது பொண்டாட்டி. குளிச்சாலும் போவாது, உதறினாலும் போவாது."

"மொதல் பொண்டாட்டி நம்பரு இதுல கீதுல்ல? நானே சொல்லிக்கிறேன்."

தேவா கடைசியாக வருவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. துடுப்புக்கு அடியில் ஒரு மூலை உண்டு. மண்டி போட்டுத்தான் கொத்த வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்க்காத மாதிரி ஏறிவிடுவார்கள். தேவா விட மாட்டான். "அங்க ஒரு கட்டி இருந்தா நாளைக்கு ஒரு பம்புல ஓட்டையா வரும்" என்பான். தொட்டியின் வாயிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த மூலை தெரியாது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுகளை எடுத்த நாள்

எனக்கு முன்னால் அங்கே பூட்டு முறை இருந்தது. உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் மோட்டாரின் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். நான்கு பூட்டும் கழன்றால்தான் மோட்டார். நல்ல முறை. ஆனால் யாராவது ஒருவர் சாவியோடு கேன்டீனுக்குப் போய்விடுவார். இட்லி தின்று முடிக்கும்வரை ஆலை நிற்கும். மேலதிகாரிகளுக்கு அதுதான் எரிச்சல்.

நான் அங்கே கார்டு முறை கொண்டுவந்தேன். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை, கழுத்திலிருக்கும் கார்டை வாயருகே உள்ள கருவியில் காட்ட வேண்டும். உள்ளே ஒருவர் இருந்தாலும் விளக்கு சிவப்பு. மோட்டாருக்கு அனுமதி கிடையாது. யாரும் இல்லை என்றால் பச்சை. ஒரு மாதம் பூட்டும் கார்டும் சேர்ந்தே ஓடின. ஒரு தப்பும் வரவில்லை. பூட்டுகளை ஒரு வாளியில் போட்டு ஸ்டோருக்கு அனுப்பினார்கள்.

தொட்டி வாய் திறந்திருந்தால் மோட்டார் ஓடாதபடி ஒரு சுவிட்சும் உண்டு. மணல் தூசியில் அடிக்கடி சிக்குகிறது என்று அதை யாரோ எப்போதோ கம்பியால் இழுத்துக் கட்டி முடக்கியிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

"உன் பொட்டி வந்துட்டா இனிமே நான் ஊட்ல குந்திக்கினு சீரியல் பாக்கலாம்ன்றாங்க, நெசமா?" என்று கேட்டார் அக்கா.

"அப்டி இல்லக்கா, உனக்கு வேலை கொறையும்."

"வேலை கொறைஞ்சா ஆளு கொறையும் நைனா. நான் பாத்திருக்கேன்."

போன் வாங்கி வைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. இனி தேவையில்லை என்று நானே இரண்டு முறை சொன்னேன். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பூட்டு இல்லாமல் ஆட்கள் இறங்கிய முதல் நாள்தான், நான் சொல்லிக்கொண்டிருக்கும் நாள்.

பெட்டிக்குள் நான்கு பேர்

என் புரோகிராமுக்குள்ளும் நான்கு பேர் வேலை செய்தார்கள். சி மொழியில் அவர்களை த்ரெட் என்போம். நான் அவர்களை ஆட்கள் என்றே நினைத்துக்கொள்வேன். அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை வைத்து நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன் நான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவனுக்கு எல்லாமே ஆளாகத்தான் தெரியும்.

ஆலையில் பன்னிரண்டு இடங்களில் கார்டு கருவிகள். கேட், கேன்டீன், உலை மேடை, மிக்சர் வாய். யார் எங்கே கார்டு காட்டினாலும் ஒரு சீட்டு உண்டாகும். சீட்டுகளை வாங்கி ஒரு பெட்டியில் போட ஒருவன். அவன் மேஸ்திரி. பெட்டியிலிருந்து எடுத்துச் செய்ய நான்கு பேர். சீட்டு இல்லாதபோது நால்வரும் தூங்குவார்கள். சீட்டு விழுந்ததும் தூங்குகிற ஒருவனை மேஸ்திரி தட்டி எழுப்புவான். பெட்டிக்கு ஒரு பூட்டு உண்டு; ஒரு நேரத்தில் ஒரு கைதான் உள்ளே போகலாம்.

ஒருவனே எல்லாம் செய்தால் என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு சீட்டையும் பதிவேட்டில் எழுதி, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லி, விளக்கை மாற்றுவதற்குள் கேன்டீன் வாசலில் நிற்கிறவனுக்கு சாம்பார் ஆறிவிடும்.

பெட்டியில் அறுபத்து நான்கு அறைகளை வட்டமாக வைத்திருந்தேன். எடுத்த சீட்டைக் கிழித்துப் போடவில்லை. வட்டம் சுற்றி வரும்போது புதுச் சீட்டு பழையதன் மேல் விழுந்து அழித்துவிடும். அதுவரை பழையது அங்கேயே கிடக்கும். கிடந்தால் என்ன, யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கூப்பிட்டார்கள், ஏறினேன்

இதை எழுதும்போது எனக்கு வேறொரு காலை ஞாபகம் வருகிறது.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த புதிதில், தொழிற்பேட்டை ரோட்டு முனையில் லோடு ஏற்றும் ஆளாக நின்றிருக்கிறேன். விடிந்ததும் ஒரு மேஸ்திரி வேன் கொண்டுவருவார். எங்களைப் பார்த்து அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "கூப்ட்டா வா, கூப்டலன்னா குந்து."

ஒரு நாள் நான்கு பேர் கேட்டார். மூன்று பேர் ஏறினார்கள். நான்காவதாக என்னைக் கை காட்டினார். நான் டீ கிளாசை வைத்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு எழுவதற்குள், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் நேராக ஓடி வேனில் ஏறிவிட்டான். நான் எண்ணிப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், நான் ஏறினேன்.

ஆலை கேட்டில் நான்கு பேருக்குத்தான் டோக்கன். ஐந்தாவதாக நான் எப்படியோ உள்ளே போய்விட்டேன். சாயங்காலம் வரை இரும்புக் கழிவுக் குவியலில் வேலை செய்தேன். ஒரு பட்டியலிலும் என் பெயர் இல்லை. அன்று அந்தக் குவியல் சரிந்திருந்தால், என்னைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இத்தனையும் அனுபவித்தவன், அதே தப்பைப் பெட்டிக்குள் இருந்த நால்வருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

நான் வாயைப் பொத்திய இடம்

நடந்ததை மூன்று நாள் பதிவேட்டைக் கிளறித்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டு மணி. ஷிப்டு மாறுகிறது. பன்னிரண்டு கருவிகளிலும் ஒரே நேரத்தில் சீட்டு விழத் தொடங்குகிறது. மேஸ்திரி ஒரு சீட்டைப் போட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தட்டுகிறான். அவன் எழுந்து வருவதற்குள், முந்தின வேலையை அப்போதுதான் முடித்த இன்னொருவன் வந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெட்டி காலி. தட்டி எழுப்பப்பட்டவன் வருகிறான். அவன் பெட்டியை மறுபடி பார்க்க வேண்டும். பார்க்கும்படி நான் எழுதவில்லை. கூப்பிட்டார்கள் என்பதற்காகவே அவன் பெட்டிக்குள் கையை விட்டான்.

கையில் கிடைத்தது ஒரு பழைய சீட்டு. காலை டீக்குத் தொட்டியிலிருந்து நால்வரும் மேலே வந்தபோது விழுந்தது. மிக்சர், வெளியே, ஒருவர். அவன் அதை ஒழுங்காகச் செய்து முடித்தான். உள்ளே இருந்த ஒன்றில் ஒன்றைக் கழித்தான்.

திருத்துவது சின்ன வேலைதான். பெட்டி காலி என்றால் தூங்கு என்று எழுதியிருந்தேன். பெட்டி காலியாக இருக்கும்வரை தூங்கு என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால், எழுப்பப்பட்டவன் ஒவ்வொரு முறையும் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் இத்தனை நாள் தொண்டையில் நிற்கிறது.

வீட்டில் சோதித்தபோதே ஒரு தடவை, பெட்டியில் இருக்கும் சீட்டுகள் மைனஸ் ஒன்று என்று காட்டியது. மைனஸ் ஒரு சீட்டு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஏதோ ஒரு ஆள் இல்லாத சீட்டை எடுத்திருக்கிறான் என்று அது என்னிடம் கத்தியிருக்கிறது. மறுநாள் ஆலையில் காட்ட வேண்டிய அவசரம். ஏன் என்று தேடாமல் ஒரு வரி சேர்த்தேன்: கணக்கு சைபருக்குக் கீழே போனால் பெட்டியைச் சுத்தமாக்கி மறுபடி சைபரிலிருந்து தொடங்கு. அதன் பிறகு மைனஸ் வரவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னும் ஒரு வித்தியாசம். நான் தலைகளை மட்டும் எண்ணினேன், பெயர் பார்க்கவில்லை. அக்காவின் மடியில் இருந்த ஒவ்வொரு போனும் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

அரை நிமிடம்

இப்போது தொட்டி வாயைச் சுற்றியிருந்த மேடைக்கு வருகிறேன்.

மூன்று பேர் மேலே வந்து, கார்டு காட்டி, போனை வாங்கிக்கொண்டு, மணலை உதறியபடி மேடைப் படி இறங்கிப் போய்விட்டார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தார். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பூட்டு இல்லாத முதல் நாள், என் பெட்டி வேலை செய்கிறது.

வாக்கி டாக்கியில் பாஸ்கர் வந்தான். ஷெட்டின் அந்தக் கோடியில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மிக்சரை ஓட்டுகிறவன்.

"இன்னாபா, பச்சை வந்துச்சு. உள்ள எத்தினி?"

"சைபர்."

"கன்பார்மா?"

"சைபர் பாஸ்கர்."

"அப்ப ஓட்டறேன்."

இது கேட்டதும்தான் அக்கா என் பக்கம் திரும்பினார். முதலில் அவர் நம்பவில்லை. நான் விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தார்.

"இன்னா சைபரு? தேவா உள்ள கீறான்."

"இல்லக்கா, வெளிய வந்துட்டான். பச்சை பாருங்க."

"நீ பாத்தியா அவன?"

நான் பார்க்கவில்லை. தொட்டி வாயில் எட்டிப் பார்த்தேன். கைவிளக்கு எரிந்தது. ஏணி தெரிந்தது. துடுப்பு தெரிந்தது. ஆள் தெரியவில்லை. உளிச் சத்தமும் அந்த நேரம் நின்றிருந்தது.

"யாரும் இல்லக்கா."

"அந்த மூலை உனக்கு இங்கேந்து தெரியுமா? இதோ பாரு, மூணு போனு திருப்பிக் குட்த்துட்டேன் நைனா, ஒண்ணு இன்னும் என் மடியில கீது. நாலு பேரு உள்ள போனாங்கோ, மூணு பேருதான் வெளிய வந்தாங்கோ. உன் பொட்டி இன்னாத்துக்கு சைபர்ன்னுது?"

சங்கு.

வாக்கியை அமுக்கி "பாஸ்கர், நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். போகவில்லை. அந்தப் பக்கம் அவனும் அமுக்கிக்கொண்டு, மிக்சர் ஓடப் போகிறது, கீழே நிற்பவர்கள் நகருங்கள் என்று ஷெட்டுக்கே அறிவித்துக்கொண்டிருந்தான். ஒருவன் அமுக்கியிருக்கும்போது இன்னொருவன் குரல் அதில் ஏறாது.

கையை ஆட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முதுகுதான் தெரிந்தது.

அவசர நிறுத்தப் பொத்தான் மேடைக்குக் கீழே, தொட்டிக்கு அந்தப் பக்கம். பதினாறு படி இறங்கிச் சுற்ற வேண்டும். சங்கில் எவ்வளவு போயிற்று, பத்து நொடியா, பதினைந்தா? எனக்குத் தெரியவில்லை. ஓடத் திரும்பினேன். இரண்டு படி இறங்கியபோதே போய்ச் சேர மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தேன்.

அக்கா தொட்டி வாயில் குனிந்து "டேய் தேவா! தேவா!" என்று கூப்பிட்டார். அவர் வாய் அசைந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. குரலைச் சங்கு தின்றுவிட்டது. கீழே தேவாவின் காதில் அடைப்பான்.

அவர் நிமிர்ந்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை.

வாயில் நிற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்கக் கூடாது என்பது அந்த ஆலையின் விதி. அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அக்கா ஒருமுறைகூட அந்த ஏணியில் கால் வைத்ததில்லை.

நீலச் சட்டைக்குள் கையை விட்டுக் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். தன்னுடைய கார்டை எடுத்து, கருவியில் 'உள்ளே' என்று எழுதியிருந்த பக்கம் அழுத்தி வைத்தார்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு விழுந்திருக்கும். மேஸ்திரி ஒருவனைத் தட்டியிருப்பான். அவன் எழுந்து வந்து எந்தச் சீட்டை எடுக்கப் போகிறானோ என்று பயப்படக்கூட அப்போது எனக்குத் தெரியாது. படியில் நின்றபடி லேப்டாப் திரையைப் பார்த்தேன். 0. 0. பிறகு, 1.

விளக்கு சிவந்தது. சங்கு பாதி மூச்சில் அறுந்தது. ஷெட் முழுக்கச் சட்டென்று அமைதி. அந்த அமைதியில், தொட்டியின் அடியிலிருந்து உளிச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். தேவா அந்த மூலையைக் கொத்திக்கொண்டிருந்தான்.

நான் மேடைக்கு ஓடி ஏறினேன். விளக்கு மாறிவிட்டது என்று அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல அங்கே அவர் இல்லை. கார்டை அழுத்திய கையோடு, விளக்கு என்ன நிறம் ஆகிறது என்றுகூடப் பார்க்காமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் உள்ளே இறங்கிவிட்டிருந்தார்.